லெப்டினன்ட் ஜெனரல் ஏன் மேஜர் ஜெனரலுக்கு மேலே? படைப் பதவிப்பெயர்கள் வந்த வழி

தட்டாதெரு_வாசகன்:

திருகோணமலைக் கோட்டைகளையும் மயானங்களையும் பற்றிய தமிழ்க் கையேடு ஒன்றுக்குச் சொல்லடைவு தயாராகுது. பிரெட்ரிக் கோட்டை, ஒஸ்டன்பேர்க் கோட்டை, புனித ஸ்தேவான் மயானம், நிலாவெளி வீதியில் இருக்கிற போர் மயானம், இந்த நாலு இடத்திலும் வரும் அதிகாரிப் பதவிப்பெயர்கள்தான் விஷயம். மூன்று இடத்தில் இடிக்குது.

ஒன்று: மேஜர் லெப்டினன்டைவிடப் பெரியவர். ஆனால் லெப்டினன்ட் ஜெனரல் மேஜர் ஜெனரலைவிடப் பெரியவர். எப்படி?

இரண்டு: கடற்படைக் கப்டனுக்கும் தரைப்படைக் கப்டனுக்கும் பெயர் ஒன்று, தரம் வேறு. கையேட்டில் இதை எப்படிக் காட்டுவது?

மூன்று: பழைய வரைவில் 'கொமாண்டர்' வரும் இடமெல்லாம் 'தளபதி' என்று போட்டிருக்கு. அது சரியா?

இன்னொன்று, எல்லாப் பெயரையும் தமிழாக்குவதா, ஒலிபெயர்த்து விடுவதா?

உவர்மலை_ஏடு:

முதல் கேள்விக்கு விடை உதிர்ந்துபோன ஒரு சொல்லில் இருக்கு. மேஜர் ஜெனரலின் பழைய முழுப்பெயர் 'சார்ஜன்ட் மேஜர் ஜெனரல்'. முன்னால் இருந்த சார்ஜன்ட் காலப்போக்கில் விழுந்துவிட்டது. அதைத் திரும்ப ஒட்டிப் பாருங்கோ, வரிசை தானாகவே நேராகும்.

16, 17ஆம் நூற்றாண்டுப் படையில் மூன்று படி உள்ள ஒரே ஏணியை மூன்று இடத்தில் சாத்தியிருந்தார்கள். ஒரு கம்பனியில் (படையின் சிறு பிரிவு) கப்டன், அவருக்குக் கீழே லெப்டினன்ட், அவருக்குக் கீழே சார்ஜன்ட். ஒரு ரெஜிமென்டில் (பல கம்பனி சேர்ந்த பிரிவு) கேணல், லெப்டினன்ட் கேணல், சார்ஜன்ட் மேஜர். முழுப் படைக்கும் கப்டன் ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரல், சார்ஜன்ட் மேஜர் ஜெனரல். 1645இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் அமைத்த புதிய படை இதற்கு அச்சான உதாரணம். தோமஸ் ஃபெயர்ஃபக்ஸ் கப்டன் ஜெனரல், குதிரைப்படைக்கு ஒலிவர் குரொம்வெல் லெப்டினன்ட் ஜெனரல், காலாட்படைக்கு பிலிப் ஸ்கிப்பன் சார்ஜன்ட் மேஜர் ஜெனரல். பிறகு மேல் ஏணியில் 'கப்டன்' உதிர்ந்து வெறும் ஜெனரல் ஆனது. கீழே 'சார்ஜன்ட்' உதிர்ந்து மேஜர் ஜெனரல் ஆனது. ரெஜிமென்டிலும் அதே உதிர்வு, சார்ஜன்ட் மேஜர் வெறும் மேஜரானார்.

அந்தக் காலச் சார்ஜன்ட் மேஜர் அதிகாரி. இன்றைக்கு அணிவகுப்பு மைதானத்தில் குரல் கொடுக்கும் சார்ஜன்ட் மேஜர் அதிகாரி அல்ல. பெயர் ஒன்று, ஆள் வேறு. பழைய ஆவணம் மொழிபெயர்ப்பவர்கள் அடிக்கடி விழும் குழி இது.

'ஜெனரல்' தொடக்கத்தில் பெயரே அல்ல, அடைமொழி. 'முழுவதற்கும் உரிய' என்பது பொருள். நம்ம அரச தமிழில் இது ஏற்கெனவே அழகாக இருக்கு: பணிப்பாளர் நாயகம், கணக்காய்வாளர் நாயகம். அந்த 'நாயகம்' எதுவோ அதுதான் கப்டன் ஜெனரலில் வரும் ஜெனரல்.

லெப்டினன்ட் பிரெஞ்சுச் சொல். 'இடம்' என்ற சொல்லையும் 'பிடித்திருப்பவர்' என்ற சொல்லையும் சேர்த்தது. மேலாள் இல்லாத வேளை அவர் இடத்தில் நிற்பவர். பதில் நீதவான், பதில் அதிபர் என்று நாங்கள் எழுதும் அந்தப் 'பதில்' தான்.

பாலையூற்றான்:

அப்ப லெப்டினன்டுக்குப் 'பதில் கப்டன்' என்றே போடலாமே அண்ணை? பொருள் அப்படியே வருகுது.

உவர்மலை_ஏடு:

வேர் விளக்கத்துக்குப் போடலாம் தம்பி, பதவிப்பெயராகப் போடக்கூடாது. 'பதில் கேணல்' என்று அச்சில் வந்தால் வாசிப்பவர் என்ன நினைப்பார்? நிரந்தரக் கேணல் லீவில், இவர் தற்காலிகம் என்றுதான். லெப்டினன்ட் கேணல் தற்காலிகம் அல்ல, அது நிலையான தரம். அதைவிட, படையில் உண்மையாகவே தற்காலிகத் தரம் என்று ஒன்று தனியாக இருக்கு. அதற்குத்தான் 'பதில்' வேணும். இரண்டுக்கும் ஒரே சொல்லைச் செலவழித்தால் பிறகு கை கட்டப்பட்டுவிடும்.

லெப்டினன்ட் கேணல் எப்படி நிலையானார் என்பதையும் சொல்லவேணும். பழைய கேணல் பெரும்பாலும் ரெஜிமென்டின் உடைமையாளர் மாதிரி. பெயர் அவருடையது, இலாபம் அவருடையது, ஆள் அரண்மனையில் அல்லது வேறு போர்முனையில். களத்தில் ரெஜிமென்டை நடத்தியவர் லெப்டினன்ட் கேணல். மேலாள் எப்போதுமே இல்லையென்றால் பதிலாள் நிரந்தரமாகிவிடுவார்தானே. கேணலின் சொந்தக் கம்பனிக்கும் அதே கதி. அதை நடத்திய லெப்டினன்டுக்கு 'கப்டன் லெப்டினன்ட்' என்று ஒரு தரமே இருந்தது. 18ஆம் நூற்றாண்டுப் பட்டியல்களில் அதைக் கண்டால் அச்சுப்பிழை என்று திருத்திவிடாதேங்கோ.

சொல்லாய்வி:

கேணல் பற்றி யாரும் இன்னும் கை வைக்கவில்லை. இந்தப் பட்டியலிலேயே சுவையான சொல் அதுதான்.

இத்தாலிய மொழியில் 'கொலொன்னா' என்றால் தூண். நீள்வரிசையாக நகரும் படைக்கும் அதே பெயர். அதன் தலைவர் 'கொலொன்னெல்லோ'. பிரெஞ்சுக்குப் போனபோது ஒரு சொல்லில் இரண்டு லகரம் நாவுக்கு இடைஞ்சலாக, முதல் லகரம் ரகரமாகி 'கொரொனெல்' ஆயிற்று. நமக்கு இது புதினமில்லை. பந்தல் பந்தர் ஆகும், சாம்பல் சாம்பர் ஆகும், குடல் குடர் ஆகும். கடைப்போலி என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அவர்களுக்குச் சொல்லின் நடுவில் நடந்தது, அவ்வளவே வித்தியாசம்.

ஆங்கிலம் 16ஆம் நூற்றாண்டில் ரகர வடிவத்தை வாங்கியது. பிறகு படித்தவர்கள் இத்தாலிய மூலத்தைப் பார்த்து எழுத்தை லகரத்துக்குத் திருப்பினார்கள். வாய் திரும்பவில்லை. ஏட்டில் லகரம், வாயில் ரகரம். அதற்குப் பிறகு தென் இங்கிலாந்து உச்சரிப்பில் உயிருக்குப் பின்னால் வரும் ரகரமும் கரைந்து வெறும் நெடிலானது. இலங்கைத் தமிழ்க் காதில் விழுந்தது அந்த நெடில், அதனால் 'கேணல்'. தமிழ்நாட்டு வழக்கு ரகரத்தை வைத்துக் 'கர்னல்' என்றது. சிங்களமும் கர்னல்தான். மூன்றும் சரி. இங்கே வாசிப்பவர்களுக்குக் 'கேணல்' என்று எழுதி, அகரவரிசையில் 'கர்னல் – கேணல் காண்க' என்று ஒரு வரி போட்டால் போதும்.

லெப்டினன்டிலும் காது வேலை செய்திருக்கு. பிரெஞ்சில் பகரம் மாதிரி எதுவும் இல்லை. பிரித்தானிய வாய் நடுவில் 'ஃப்' சேர்த்தது, அது நமக்கு 'ப்' ஆனது. சிங்களத்தில் 'லுதினன்'. திருமலையில் மும்மொழிப் பலகை எதிலாவது இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் கண்டால் ஒப்பிட்டுப் பாருங்கோ.

மூலச்சொல்:

கப்டன் தமிழ்ச்சொல். கப்பல் + தலைவன் = கப்பதலைவன் = கப்டன். போர்த்துக்கேயர் இங்கிருந்து கொண்டுபோனார்கள். இதை ஏன் ஒருவரும் சொல்வதில்லை?

சொல்லாய்வி:

சொல்லாததற்குக் காரணம் அது பொருந்தாதது. கப்டன் தரையில் பிறந்த சொல். லத்தீனில் 'கபுட்' என்றால் தலை, அதிலிருந்து 'கபிடானியுஸ்', தலைமையானவர். போர்த்துக்கேயக் கப்பல் இந்தியப் பெருங்கடலைக் காணும் முன்னரே ஐரோப்பியக் காலாட்படையில் கப்டன்கள் இருந்தார்கள். கப்பலுக்கு அது பின்னால் ஏறியது. கோப்ரலும் அதே 'தலை'க் குடும்பம், இத்தாலிய வழியில் வந்தது. கோப்ரலைக் கப்பலோடு எப்படிக் கட்டுவீர்கள்?

தமிழுக்கு இந்தச் சொல் இரண்டு தரம் வந்தது என்பதுதான் சுவையான செய்தி. முதல் தரம் போர்த்துக்கேய வாயிலிருந்து 'கப்பித்தான்'. இரண்டாம் தரம் ஆங்கில வாயிலிருந்து 'கப்டன்'. சிங்களம் இன்றும் முதல் வடிவத்தையே வைத்திருக்கிறது, 'கபிதான்' என்று. இதே போல 'கொமாண்டன்ட்' தமிழ்நாட்டில் 'கும்மந்தான்' ஆயிற்று. 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப் கான் மக்கள் வாயில் கும்மந்தான் கான்சாகிபு.

கையேட்டுக்கு வேண்டியது இது: 1624இல் இங்கே போர்த்துக்கேயக் கோட்டையைக் கட்டுவித்த கொன்ஸ்தந்தீனு டி சா, இலங்கையின் கப்டன் ஜெனரல். அது முழுத்தீவுக்குமான தலைமை. அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்த பிலிப்பு டி ஒலிவேரா 'கப்பித்தான் மோர்'. அந்த 'மோர்' லத்தீன் 'மையோர்' தேய்ந்தது, 'பெரிய' என்று பொருள். மேஜரும் அதே வேர், மாநகர மேயரும் அதே வேர். ஆனால் 'கப்டன் மேஜர்' என்று எழுதினால் பிழை. 'தலைமைக் கப்டன்' என்பதே பொருத்தம்.

கிண்ணியா_நூலகன்:

அட்மிரலுக்கு நான் வாறன். இது எங்கட பக்கத்துச் சொல். அரபியில் 'அமீர்' தலைவர். 'அமீர் அல்' என்றால் 'இன்னதன் தலைவர்', அடுத்து ஒரு சொல் வரவேணும். கடலுக்கென்றால் 'அமீர் அல் பஹ்ர்'. சிசிலியை ஆண்ட நோர்மன் அரசர்கள் அரபிகளிடம் இருந்த இந்தப் பதவியை எடுத்துக் கப்பற்படைத் தலைவருக்குக் கொடுத்தார்கள். ஐரோப்பியர் சொல்லை நடுவில் முறித்துவிட்டார்கள். 'கடல்' விழுந்து 'இன்னதன் தலைவர்' மட்டும் மிச்சம். நடுவில் இருக்கும் 'ட்' அரபியில் கிடையாது. 'வியக்கத்தக்க' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லோடு குழப்பி அவர்களே நுழைத்தது.

வைஸ் அட்மிரல், ரியர் அட்மிரல் இரண்டும் கடலில் நின்ற இடத்தைச் சொல்லும் பெயர்கள். கப்பற்படை மூன்று பகுதியாகப் போகும். நடுவில் அட்மிரல், முன்னணியில் அவருக்குப் பதிலாக நிற்கும் வைஸ் அட்மிரல், பின்னணியில் ரியர் அட்மிரல். பின்னணிக்கு ஆபத்துக் குறைவு என்பதால் கடைசித் தரம் அங்கே. தமிழில் இந்த இரண்டு இடத்துக்கும் பழைய சொல் இருக்கு: முன்னே போவது தூசிப்படை, பின்னே வருவது கூழைப்படை.

பெரிய கப்பற்படை சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று நிறக் கொடியோடு பிரிந்தது. ஒவ்வொன்றிலும் இந்த மூன்று நிலை. ஆகவே 1864 வரை பிரித்தானியப் பட்டியல்களில் 'நீலத்தின் ரியர் அட்மிரல்' மாதிரியான பெயர்கள் வரும். நீலத்தின் ரியர் அட்மிரல் எல்லோருக்கும் கீழே. நிறத்தைக் கொடியின் வர்ணனை என்று நினைத்து மொழிபெயர்ப்பில் விட்டுவிடக்கூடாது. அது தரத்தின் பகுதி. 1782இல் இந்தத் துறைமுகத்துக்காக மோதிய எட்வேர்ட் ஹியூஸ் நீலத்தின் வைஸ் அட்மிரல்.

அவரோடு மோதிய பிரெஞ்சுக்காரர் சுஃப்ரனுக்கு முன்னால் 'பெய்லி' என்று வரும். அது கடற்படைப் பதவியும் அல்ல, முதற்பெயரும் அல்ல. மோல்ட்டா வீரர் சங்கத்தின் பட்டம். சொல்லடைவில் தனியாகப் போடுங்கோ.

பாலையூற்றான்:

கூழைப்படைத் தலைவர் என்று எழுதினால் கூழைக்கும்பிடு போடுபவர் என்று நினைப்பினம் நானா 😄

கிண்ணியா_நூலகன்:

அதனால்தான் ரியர் அட்மிரல் என்றே விடச் சொல்றன்.

டொக்யார்ட்_குறிப்பு:

இரண்டாம், மூன்றாம் கேள்விகளுக்கு வருவோம். கடற்படைப் பெயர்கள் ஆளை முதலில் சொல்லவில்லை, கப்பலைத்தான் சொன்னன. அங்கேதான் முடிச்சு.

கடற்படையில் 'கப்டன்' பெரிய போர்க்கப்பலின் தலைவர். நூற்றுக்கணக்கான ஆட்கள். தரைப்படைக் கப்டன் கையில் ஒரு கம்பனி. தலைமை என்ற பொருள் இரண்டிலும் ஒன்று, தலைமை தாங்கும் பொருளின் பருமன்தான் வேறு. 18ஆம் நூற்றாண்டில் இரு படைகளும் சேர்ந்து இறங்கும்போது யார் யாருக்கு வணக்கம் போடுவது என்ற சண்டை வந்து, 1748இல் விதி போட்டார்கள். மூன்று ஆண்டு பழகிய கடற்படைக் கப்டன் கேணலுக்குச் சமம், அதற்குக் கீழே லெப்டினன்ட் கேணலுக்குச் சமம். இன்று கணக்கு எளிது, கடற்படைக் கப்டன் கேணலுக்குச் சமம். தரைப்படைக் கப்டனுக்குச் சமம் கடற்படை லெப்டினன்ட்.

சின்னக் கப்பலுக்குக் கப்டன் தரம் உள்ளவரை அனுப்புவதில்லை. கப்பலை ஓட்டத் தனியாக ஒரு மாஸ்டரும் கொடுப்பதில்லை. ஒருவரே இரண்டு வேலையும் பார்த்தார். 'மாஸ்டர் அன்ட் கொமாண்டர்' என்று பெயர். 1794இல் முதற்பாதி வெட்டுப்பட்டு 'கொமாண்டர்' ஆனது. ஆகவே கொமாண்டர் என்பது கப்டனுக்கு ஒரு படி கீழே, லெப்டினன்ட் கேணலுக்குச் சமம்.

லெப்டினன்ட் கொமாண்டர் இன்னும் பிந்தியவர். எட்டு ஆண்டு சேவை கண்ட லெப்டினன்ட்கள் 1877 முதல் சட்டைக் கையில் இரண்டு தடித்த வரிக்கு நடுவில் ஒரு மெல்லிய வரி போட்டார்கள். வரி வந்து 37 ஆண்டுக்குப் பிறகு, 1914இல்தான் அதற்குப் பெயர் வந்தது. இலங்கைக் கடற்படை லெப்டினன்ட் கொமாண்டரின் கையிலும் அந்த மெல்லிய வரி நடுவில்தான் ஓடும். சப் லெப்டினன்டும் அப்படிப் பிந்தி வந்த பெயர்தான். முன்னர் 'மேட்' என்று இருந்ததை 1861இல் மாற்றினார்கள்.

கொமடோர் ஒல்லாந்துச் சரக்கு. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் ஒருவரோடொருவர் சண்டை பிடித்தும் கூட்டுச் சேர்ந்தும் இருந்த காலத்தில் 'கொமாண்டேர்' என்ற சொல்லிலிருந்து எடுத்தது. அட்மிரல் ஆக்கினால் சம்பளமும் அட்மிரலுக்கு உரியதாகிவிடும், அதனால் பல கப்பலை ஒரு கப்டனிடம் ஒப்படைத்து அந்த வேலை முடியும் வரைக்கும் மட்டும் கொடுத்த பெயர் அது. அதே ஒல்லாந்துச் சொல்தான் யாழ்ப்பாணத்தை நிர்வகித்த ஒல்லாந்து அதிகாரிக்கும். அவர் கப்பல்காரர் அல்ல. ஒல்லாந்து ஆவணத்தில் வரும் யாழ்ப்பாணக் கொமாண்டேரைக் 'கொமடோர்' என்று எழுதிவிடாதேங்கோ.

இப்ப தளபதிப் பிரச்சினை. நம்ம பேப்பர் தமிழில் 'கடற்படைத் தளபதி' முழுக் கடற்படைக்கும் தலைவர், அது ஒரு பதவிப்பொறுப்பு. 'கொமாண்டர்' ஒரு தரம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் வரும் வினை இது. 'கொமாண்டர் இன்னார் திருகோணமலை வந்தார்' என்ற செய்தி 'தளபதி இன்னார் வந்தார்' என்று மாறினால், நடுத்தர அதிகாரி ஒருவரை ஒரே வரியில் நாலு படி தூக்கி முழுக் கடற்படைக்கும் தலைவராக்கிவிட்டோம். நம்ம வழி: பொறுப்புக்கு மட்டும் 'தளபதி', தரத்துக்கு 'கொமாண்டர்'. இரண்டும் ஒருவருக்கே வந்தால் தரம் முன்னே, பொறுப்பு பின்னே. 'ரியர் அட்மிரல் ராஜன் கதிர்காமர், 1960 முதல் 1970 வரை கடற்படைத் தளபதி.' தரைப்படையிலும் அதே முறை. அன்டன் முத்துக்குமாரு 1955இல் இராணுவத் தளபதியானபோது பிரிகேடியர், பிறகு மேஜர் ஜெனரல். பொறுப்பு மாறவில்லை, தரம் ஏறியது. இந்த ஒரு உதாரணம் போதும் வித்தியாசம் விளங்க.

கொமாண்டர் தரத்தில் உள்ள ஒருவர் கப்பலுக்குத் தலைவராக இருந்தால் அந்தக் கப்பலில் அவரைக் 'கப்டன்' என்றே கூப்பிடுவார்கள். அது மரியாதை, தரமல்ல. கடிதங்களில் இருந்து எடுக்கும்போது இதைச் சரிபார்க்காமல் போடவேண்டாம்.

சீனக்குடா_தடம்:

விமானப்படை சுருக்கம், ஏனென்றால் அது வளர்ந்த பெயரல்ல, குழு உட்கார்ந்து செய்த பெயர். பிரித்தானிய விமானப்படை 1918 ஏப்ரல் 1இல் தொடங்கியது. ஓராண்டுக்கு மேல் தரைப்படைப் பெயரிலேயே ஓடியது. 1919 ஓகஸ்ட் 1 முதல் இப்போதைய வரிசை. இடையில் அட்மிரலுக்கு ஒப்பாக 'ஆர்டியன்' என்று கேலிக் மொழியில் ஒரு சொல் கட்டிப் பார்த்தார்கள், பறவைத் தலைவர் என்ற மாதிரிப் பொருள். எடுபடவில்லை.

1951இல் இலங்கை விமானப்படை அதே வரிசையை எடுத்தது. பிழை வரும் இடங்கள் மூன்று. பைலட் ஒபிசர் விமானியாக இருக்கவேண்டியதில்லை. பிளையிங் ஒபிசரும் பறக்கவேண்டியதில்லை. கணக்குப் பகுதியில் இருப்பவரும் அந்தத் தரத்தில் இருப்பார், ஆகவே 'விமானி அதிகாரி' என்ற மொழிபெயர்ப்பு பொய். குரூப் கப்டன் கேணலுக்குச் சமம், தரைப்படைக் கப்டனோடு சேர்க்கவேண்டாம். ஸ்குவாட்ரன் லீடர் மேஜருக்குச் சமம், விங் கொமாண்டர் லெப்டினன்ட் கேணலுக்கு, எயார் கொமடோர் பிரிகேடியருக்கு.

ஏனாதி:

இவ்வளவும் வேற்றுமொழிப் பெயர் சுமக்கிறதுக்கு நம்மிடம் சொல் இல்லையா? சங்க காலத்தில் படைத்தலைவனுக்கு அரசன் மோதிரத்தோடு கொடுத்த பட்டம் ஏனாதி. சோழர் கல்வெட்டில் சேனாபதி, தண்டநாயகம். நாயக்கர் காலத்தில் தளவாய். எட்டுப் பத்துத் தரத்துக்குச் சொல் தாராளமாக இருக்கு.

உவர்மலை_ஏடு:

சொல் இருக்கு, ஏணி இல்லை ஐயா. ஏனாதி ஒரு கௌரவப் பட்டம். ஏனாதிக்கு மேலே எது, கீழே எது என்று ஒழுங்கு கிடையாது. தண்டநாயகம் சோழர் ஆட்சியில், தளவாய் விஜயநகரத்துக்குப் பிறகு. எழுநூறு, ஆயிரம் ஆண்டு இடைவெளியில் இருந்தவர்களை ஒரே படிக்கட்டில் நிற்கவைத்தால், ஏனாதியும் தளவாயும் ஒரே பாசறையில் இருந்தார்கள் என்று மாணவர்கள் எழுதிவிடுவார்கள். ஆனால் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். 'ஜெனரல்' என்ற அடைமொழிக்கு 'நாயகம்' பொருந்துகிறது என்று மேலே சொன்னேன். தண்டநாயகத்தில் அதே நாயகம்தான். விளக்கக் குறிப்பில் அதைக் காட்டலாம்.

பெயர் காலத்தோடு எப்படி ஏறி இறங்கும் என்பதற்கும் உள்ளூர் உதாரணம் இருக்கு. போர்த்துக்கேயர் காலத்தில் முதலியாரும் ஆராச்சியும் 'லஸ்கரின்' எனப்பட்ட உள்ளூர்ச் சிப்பாய்களின் தலைவர்கள். பிறகு முதலியார் நிர்வாகப் பட்டமாகி மேலே போனார். ஆராச்சி கச்சேரியில் பியோன்களுக்குத் தலைவராக வாசலில் நின்றார்.

ஐரோப்பாவிலும் அதே விளையாட்டு. மார்ஷல் பழைய ஜெர்மானியச் சொல்: 'குதிரை' என்பதும் 'வேலையாள்' என்பதும் சேர்ந்தது. லாயக்காரன். அரசனின் குதிரைகளைப் பார்ப்பவன் அரசனுக்குப் பக்கத்தில் இருப்பான், பக்கத்தில் இருந்தவன் உயர்ந்தான், கடைசியில் பீல்ட் மார்ஷல். பிரெஞ்சில் லாடம் அடிப்பவருக்கு இன்றைக்கும் அதே சொல்தான். கொன்ஸ்தாபிளோ 'லாயத்தின் பிரபு'. பிரான்சில் முழுப்படைக்கும் தலைவராக இருந்த பெயர். இன்று சந்தியில் வாகனம் மறிப்பவர். ஒரே லாயத்திலிருந்து புறப்பட்ட இரண்டு பேர், ஒருவர் கூரைக்கு, ஒருவர் வாசலுக்கு.

சொல்லாய்வி:

பிரிகேடியர் விடுபட்டுப்போச்சு. இத்தாலிய 'பிரிகாத்தா', கூட்டம் என்று பொருள். பிரித்தானியாவில் முதலில் 'பிரிகேடியர் ஜெனரல்'. முதல் உலகப்போருக்குப் பிறகு அதை எடுத்துவிட்டார்கள். சில ஆண்டு 'கேணல் கொமாண்டன்ட்'. 1928இல் 'ஜெனரல்' இல்லாத வெறும் பிரிகேடியர். இதனால்தான் தோளில் குறுக்கு வாள் மேஜர் ஜெனரலில் இருந்து தொடங்குது. பிரிகேடியருக்கு வாள் இல்லை. கேணலின் சின்னத்தில் இன்னொரு நட்சத்திரம் சேர்த்தது மட்டும், மேலே ஒரு அரச சின்னம், கீழே முக்கோணமாக மூன்று நட்சத்திரம். இலங்கை இராணுவம் முடியை எடுத்து அரச இலச்சினையைப் போட்டது, கணக்கு மாறவில்லை. 1928க்குப் பிந்திய பிரிகேடியரை 'ஜெனரல்' என்று சுருக்குவது பிழை.

டொக்யார்ட்_குறிப்பு:

கல்லையோ பழைய பலகையையோ பார்த்துத் தரத்தை எழுதும்போது ஒழுங்கு இது.

முதலில் பதவியைப் பார்க்காதேங்கோ, படையைப் பாருங்கோ. பெயருக்குப் பின்னால் 'ஆர்.என்.' என்றால் அரச கடற்படை, 'ஆர்.என்.வி.ஆர்.' என்றால் தொண்டர் கடற்படை, 'ஆர்.ஏ.எஃப்.' என்றால் விமானப்படை. போர் மயானத்தில் மூன்று படையும் கலந்து கிடக்குது. படை தெரியாமல் 'லெப்டினன்ட்' என்ற சொல்லுக்குச் சமம் எழுதினால் பாதிக்குப் பாதி பிழைக்கும். கடற்படை லெப்டினன்டுக்குப் பின்னால் அடைப்புக்குள் 'ஏ' மட்டும் நின்றால் அவர் கடற்படையின் விமானப் பிரிவு. அதைப் பெயரின் முன்னெழுத்து என்று எண்ணிச் சேர்த்துவிடுவார்கள்.

அடுத்தது ஆண்டு. 1914க்கு முந்திய கல்லில் லெப்டினன்ட் கொமாண்டர் இருக்காது. 1919க்கு முந்தியதில் ஸ்குவாட்ரன் லீடர் இருக்காது. இருந்தால் ஆண்டைப் பிழையாக வாசித்திருக்கிறோம் அல்லது கல் பிற்காலத்தில் நட்டது.

பிறகு, எந்த நாளின் தரம்? பிரெட்ரிக் கோட்டைக்குள் இருக்கும் வெலிங்டன் வீட்டைப் பற்றி எழுதும்போது எல்லோரும் 'வெலிங்டன் பிரபு தங்கினார்' என்கிறார்கள். 1800–1801இல் அங்கே இருந்தவர் கேணல் ஆதர் வெல்லெஸ்லி. வெலிங்டன் பட்டம் 1809இல், பீல்ட் மார்ஷல் 1813இல். 1787இல் படையில் சேர்ந்தபோது 'என்சைன்', அதாவது கொடி பிடிப்பவர். இன்றைய இரண்டாம் லெப்டினன்டின் முன்னோர் அவர்தான். நிகழ்ச்சி நடந்த நாளின் தரத்தை எழுதுங்கோ, பிற்காலப் பட்டத்தை 'பின்னாளில்' என்று சேர்த்துக்கொள்ளுங்கோ.

தட்டாதெரு_வாசகன்:

எல்லோருக்கும் நன்றி. வரைவில் மாற்றிய நாலு வரி, பார்த்துச் சொல்லுங்கோ.

'1803இல் கோட்டைக்குப் பெயர் தந்த பிரெட்ரிக், யோர்க் கோமகன்: தரம் பீல்ட் மார்ஷல், பொறுப்பு பிரித்தானியத் தரைப்படைத் தளபதி.'

'1795 ஓகஸ்டில் கோட்டையைக் கைப்பற்றிய தரைப்படைக்குத் தலைவர் கேணல் ஜேம்ஸ் ஸ்டுவர்ட், கடற்படைக்கு பீட்டர் ரெய்னியர்.'

'புனித ஸ்தேவான் மயானத்தில் அடக்கமானவர் ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்டின், 1852இல் பர்மாவில் ஐராவதி ஆற்றில் இறந்தவர், எழுத்தாளர் ஜேன் ஒஸ்டினின் சகோதரர், கிழக்கிந்தியக் கடற்படை நிலையக் கொமாண்டர்.'

'கப்டன் (கடற்படை) = கேணல். கப்டன் (தரைப்படை) = லெப்டினன்ட் (கடற்படை).'

கிண்ணியா_நூலகன்:

முதல் இரண்டும் நாலாவதும் சரி. மூன்றாவதில் இரண்டு திருத்தம். 'கொமாண்டர்' என்பதை எடுத்து 'தளபதி' என்று போடுங்கோ. அவருடைய தரம் ரியர் அட்மிரல், நிலையத்தின் தலைமை பொறுப்பு. இவ்வளவு பேசியும் அந்த ஒரு இடத்தில் மாறி விழுந்திருக்கு. மற்றது, தமிழில் 'சகோதரர்' போதாது. சார்ள்ஸ் 1779இல் பிறந்தவர், ஜேனுக்கு இளையவர். தம்பி.